ஆலத்தியூர்: உதட்டுக்கு ஒரு குடை!

'மூணே மூணு நாள் வேலைப்பா... போயிட்டு வந்துடேன்' என்று ஆபீஸில் மேலதிகாரி கனிவாகச் சொன்னால், தலையாட்டுவதற்கு முன்னால் காலண்டரைப் பார்த்துவிட வேண்டும். நான் பார்க்கவில்லை. ஆலத்தியூர் என்ற பெயரில் 'ஆல்' இருக்கிறதே, ஊர் முழுக்க ஆலமரமும் விழுதும் நிழலுமாக இருக்கும் என்று நம்பிச் சரியென்றுவிட்டேன். சீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் காலண்டர் கண்ணில் பட்டது. ஏப்ரல் 17!

வேலை என்னவோ சுலபம்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் எத்தனை ட்ரிப் அடிக்கின்றன, பில்லில் எத்தனை ட்ரிப் ஏறுகின்றன, இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றனவா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். ஏ.ஸி. அறையில் உட்கார்ந்து பார்க்க முடியாது. எடை மேடைக்குப் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும்.

வீட்டில் தடபுடல் ஏற்பாடு. அப்பா தொப்பி கொடுத்தார். நண்பன் கூலிங் கிளாஸ் கொடுத்தான் (திருப்பித் தர வேண்டுமாம்). தங்கை தன்னுடைய ஸன்ஸ்கிரீன் ட்யூபை, பாதி காலியானதுதான் என்றாலும், கண்கலங்கித் தியாகம் செய்தாள். தலைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று என்று என் முகத்தில் எல்லாவற்றுக்கும் பந்தோபஸ்து ஆகிவிட்டது. விட்டுப்போனது ஒரே ஒரு அயிட்டம். அது என்ன என்பது இரண்டாவது நாள்தான் தெரிந்தது.

கடல் இருந்த ஊர்

எழும்பூரில் ரயிலேறி அரியலூரில் இறங்கினேன். அங்கிருந்து பஸ்ஸில் செந்துறை. செந்துறையிலிருந்து வடக்கே போனால் ஆலத்தியூர். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் வெள்ளாறு. ஆற்றைத் தாண்டினால் பெண்ணாடம், கடலூர் மாவட்டம்.

ஆலத்தியூருக்கு ஒரு விசேஷம் உண்டு. இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராமல் ஜில்லா ஜில்லாவாகச் சுற்றி வந்த ஊர் அது. 1995 வரை திருச்சி மாவட்டம். அந்த வருஷம் பெரம்பலூர் மாவட்டம் பிறந்ததும் அதற்குள் போனது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானதும் அதற்கு மாறியது. 2002-இல் இரண்டையும் மறுபடி ஒட்டிவிட்டார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். ஆக, பன்னிரண்டு வருஷத்தில் நாலு தடவை விலாச மாற்றம். வாடகை வீட்டில் குடியிருக்கும் என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு இந்த ஊர்மேல் ஒரு பாசம் வருவது நியாயம்தானே?

1997-இல் மெட்ராஸ் சிமென்ட்ஸ் (இப்போது ராம்கோ சிமென்ட்ஸ்) இங்கே தொழிற்சாலை ஆரம்பித்தது. தபால் முகவரியே 'சிமென்ட் நகர்' என்றாகிவிட்டது. சிமென்ட் இங்கே ஏன் வந்தது என்று கேட்டால், பதில் காலுக்குக் கீழே கிடக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால், டைனோசர்கள் உலவிய கிரெட்டேஷியஸ் காலத்தில், அரியலூர் வட்டாரம் முழுக்கக் கடல். அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் சங்குகளும்தான் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. கல்லைப் பெயர்த்தால் உள்ளே சிப்பி அப்படியே வரிவரியாக உட்கார்ந்திருக்கும். 1840-களிலேயே வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கத்துப் புதைபடிவங்களைப் பெட்டி பெட்டியாக லண்டனுக்கு அனுப்பி ஆராய்ந்திருக்கிறார்கள். 2009-இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்தது என்று பேப்பரில் பெரிய செய்தி வந்தது. கொஞ்ச நாள் ஊரில் உருண்டையாக எந்தக் கல்லைப் பார்த்தாலும் பயபக்தியோடு தாண்டிப் போனார்களாம்.

அவ்வளவு பெரிய கடல் இருந்த இடத்தில் இப்போது நல்ல தண்ணீர் கேட்டால் பாட்டிலில் தருகிறார்கள்.

சாலையோரம் முந்திரிக் காடு. பழம் சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்குகிறது. முதல் நாள் லாரி எண்ணிக்கொண்டே நாலைந்து பழம் சாப்பிட்டேன். ஊர்க்காரர் ஒருவர், 'தம்பி, உப்புப் போடாம தின்னா தொண்டை காரும்' என்றார். சொன்னபடியே காரியது.

இரண்டாம் நாள் ஏப்ரல் 20. மத்தியானம் பன்னிரண்டே கால் சுமாருக்கு எடை மேடைப் பக்கம் ஒரு கம்பம் நட்டிருந்ததைப் பார்த்தேன். அதற்கு நிழல் இல்லை! குனிந்தேன். எனக்கும் இல்லை. 'நம்மைக் கைவிடாத ஒரே ஆள் நிழல்தான்' என்று நினைத்திருந்தேன், அதுவும் லீவு போட்டுவிட்டது. இந்த அட்சரேகையில் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும், சூரியன் நேர் உச்சந்தலைக்கு வருகிறது. கத்திரி ஆரம்பிப்பதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்தது என் தப்பு. வெயிலின் சூடு மே மாதத்துக்குக் காத்திருக்கலாம். அதிலிருக்கிற புற ஊதாக் கதிர் காத்திருக்காது. வானத்தில் சூரியன் எவ்வளவு உயரம் என்பதுதான் அதற்குக் கணக்கு.

அன்று சாயங்காலம் டீக் குடிக்கும்போது டம்ளர் உதட்டில் பட்டதும் 'ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். நான்தான் போட்டேன்.

ஆளுக்கொரு வைத்தியம்

கண்ணாடியில் பார்த்தால், கீழ் உதடு கோடை காலத்து ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. எரிச்சலுக்கு நாக்கால் தடவிக் கொடுத்தேன். சுகமாக இருந்தது. அரை நிமிஷம். பிறகு முன்னைவிட எரிந்தது. மறுபடி தடவினேன். ராத்திரிக்குள் உதட்டைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பார்டர் வந்துவிட்டது, ஜமுக்காளம் மாதிரி.

நான் தங்கியிருந்த அறையில் என்னோடு நாலு பேர். தமிழ்நாட்டில் உதடு வெடித்தவனுக்கு மருந்துக்குத்தான் பஞ்சம், மருத்துவருக்குப் பஞ்சமே இல்லை.

'தொப்புள்ல ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுங்க சார், காலைல உதடு பட்டு மாதிரி ஆயிடும்' என்றார் ஒருவர். விட்டேன். காலையில் பனியன்தான் பட்டுப் போலப் பளபளத்தது.

'வெண்ணெய் வெச்சுப் பாருங்க' என்றார் இன்னொருவர். வைத்தேன். ராத்திரி எறும்பு வந்து விசாரித்துவிட்டுப் போனது.

'முந்திரிப் பழம் தின்னீங்கல்ல? அதான்!' என்று மூன்றாமவர் வழக்கையே முடித்து வைத்தார். முந்திரிப் பழத்தின்மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் என்னோடு சேர்ந்து தின்ற லாரி டிரைவர்களுக்கு உதடு நன்றாகத்தானே இருந்தது? அவர்கள் கேபினுக்குள் இருந்தார்கள், நான் வெளியே நின்றேன். துப்பறிய ஆரம்பித்தபோது இந்த ஒரு வித்தியாசம்தான் மிஞ்சியது.

நாலாமவர் சின்னப் பையன், டிப்ளமா முடித்தவன். தயங்கித் தயங்கிச் சொன்னான். 'லிப் பாம்னு விக்குது சார். எஸ்.பி.எஃப். போட்டது வாங்குங்க.'

அறையில் ஒரு நிமிஷம் மௌனம். பிறகு ஒரே சிரிப்பு. 'ஆம்பளைக்கு லிப்ஸ்டிக்காடா?' பையன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததில் உதடு பிளந்து ரத்தம் வந்தது. நியாயமான தண்டனை!

ஒரு பொய்யும் இரண்டு குச்சியும்

மறுநாள் காலை, யாருக்கும் தெரியாமல் பஸ்ஸேறிக் கடைத் தெருவுக்கு வந்தேன். பேன்ஸி ஸ்டோர். உள்ளே வளையல், ரிப்பன், சாந்துப் பொட்டு. வாங்க வந்திருந்த நாலு கல்லூரிப் பெண்கள். நான் மெல்ல, 'லிப் பாம் இருக்குங்களா?' என்றேன்.

கடைக்காரர் ஊருக்கே கேட்கிற குரலில், 'யாருக்கு சார்?' என்றார்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 'தங்கச்சிக்கு' என்றேன்.

விளைவு, ஸ்ட்ராபெரி வாசனையோடு ஒரு ரோஸ் கலர் குச்சி. வெளியே வந்து, பஸ் ஸ்டாண்ட் தூணுக்குப் பின்னால் நின்று, ஆத்திரத்தோடு நாலு இழுப்பு இழுத்தேன். உண்மையிலேயே இதமாகத்தான் இருந்தது. இனிக்கவும் செய்தது. இனித்ததால் நக்கினேன். நக்கியதால் போனது. போனதால் மறுபடி பூசினேன். ஆலத்தியூர் வந்து இறங்குவதற்குள் குச்சியில் கால்வாசி என் வயிற்றில். பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. இறங்கும்போது அதன் அம்மாவிடம், 'அம்மா, இந்த மாமா நாடகத்துல நடிக்கிறாரா?' என்று கேட்டது.

குச்சியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். வாசனை உண்டு, பளபளப்பு உண்டு, இதயம் படம் உண்டு. வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மத்தியானம் வேறொரு கடையில், இந்தத் தடவை வீறாப்பாக, 'ஆம்பளைங்க போடறது குடுங்க' என்றேன். கறுப்பு டப்பியில் ஒன்று கொடுத்தார்கள். திறந்தால் புதினாவும் கற்பூரமும் சேர்ந்து குப்பென்று மூக்கில் அறைந்தது. பூசினேன். முதலில் ஜில். அப்புறம் சுரீர். அப்புறம் நான் டான்ஸ். சாயங்காலம் கீழ் உதடு வீங்கி, நானே எனக்கு முன்னால் ஓர் அடி நடந்து போவது போலிருந்தது.

டோக்கன் பெரியவர்

எடை மேடையில் டோக்கன் கொடுக்கிற பெரியவர் ஒருவர் உண்டு. அறுபதை ஒட்டிய வயசு. நாற்பது வருஷம் மானாவாரிக் காட்டில் உழுதவர். இடுப்பில் வெற்றிலைப் பை. அவருடைய சுண்ணாம்பு டப்பா பித்தளையில் அழகாக இருக்கும். என் உதட்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

'என்னா தம்பி, தேனீ கொட்டிருச்சா?'

'வெயிலுங்க ஐயா.'

'எனக்கும்தான் நாலு மாசமா உதடு வெடிச்சிருக்கு. நான் என்ன சாயமா பூசுனேன்?' என்று தன் கீழ் உதட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

நான் சிரிப்பதற்காக வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். அவருடைய கீழ் உதட்டில் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெள்ளையாகச் செதில் படர்ந்தது போல ஓரிடம். உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்ற கோடே அங்கே அழிந்துபோயிருந்தது. 'அப்பப்ப ரத்தம் கசியும். சுண்ணாம்பு பட்டுருக்கும்' என்றார் சாதாரணமாக.

'டாக்டர்கிட்ட காட்டினீங்களா?'

'உதடு வெடிச்சதுக்கெல்லாம் டாக்டரா? ஒரு நாள் கூலி போயிடும் தம்பி.'

நான் அன்று அவரிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும், வீங்கிய உதட்டோடு என்ன சொன்னாலும் காமெடியாகத்தான் இருந்திருக்கும். 'நாளைக்கு நான் அரியலூர் டாக்டரைப் பார்க்கப் போறேன் ஐயா. தனியாப் போகக் கூச்சமா இருக்கு. துணைக்கு வாங்களேன்' என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. 'வேடிக்கை பாக்க வரேன்' என்றார். கூலி போகாமல் பார்த்துக்கொள்வதாக லாரி கான்ட்ராக்டரிடம் சொல்லி லீவு வாங்கியது என் பொறுப்பு.

டாக்டரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவரைப் பத்து நிமிஷம் பார்த்தார். டார்ச் அடித்து, கையுறை போட்டு உதட்டைத் தொட்டு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். 'ஒரு சின்னத் துணுக்குச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும் பெரியவரே. பெரிய ஆஸ்பத்திரியில எடுத்துடலாம். 2022-லேர்ந்து அரியலூர்லயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, திருச்சி, தஞ்சாவூர்னு அலைய வேண்டாம்' என்றார். பெரியவர் முகத்தில் வேடிக்கை பார்க்க வந்த களை போய்விட்டது.

பிறகு என் பக்கம் திரும்பினார். 'உதட்டை நல்லாக் கவனிச்சிருக்கீங்களா?' என்று ஆரம்பித்து அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

மற்ற தோலுக்கெல்லாம் மேலே தடித்த கூரை இருக்கிறது. உதட்டுக்கு இருப்பது கீற்று. வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பி இல்லையென்றே சொல்லலாம். நம் கறுப்புத் தோலுக்கு இயற்கை கொடுத்த குடை 'மெலனின்' என்கிற நிறமி. உதட்டில் அதுவும் குறைச்சல். மேல் உதட்டுக்காவது மூக்கு கொஞ்சம் தாழ்வாரம் இறக்கி நிழல் தருகிறது. கீழ் உதடு திண்ணை மாதிரி வெளியே தள்ளி, வெயிலில் மல்லாந்து கிடக்கிறது. வெயிலால் வருகிற உதட்டுக் கோளாறு பெரும்பாலும் கீழ் உதட்டில் வருவதற்குக் காரணம் அதுதான்.

'தொப்பி போட்டிருந்தேனே டாக்டர்?'

'தொப்பி மேலேர்ந்து வர்றதைத் தடுக்கும். தரையிலேர்ந்து எகிறி வர்றதை எது தடுக்கும்? புல்தரை பத்துல ஒரு பங்குக்கும் குறைவாத்தான் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்பும். காய்ஞ்ச மணல் நூத்துக்குப் பதினஞ்சு. பனின்னா எண்பது வரைக்கும் போகும். நீங்க வெளேர்னு கிடக்கிற தரையில நாள் முழுக்க நின்னிருக்கீங்க.'

எச்சில் தடவுவது ஏன் ஆகாது என்பதற்கும் காரணம் சொன்னார். எச்சில் காயும்போது உதட்டில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. போதாக்குறைக்கு, சோற்றைச் செரிக்க வைக்கிற சரக்கு அதில் இருக்கிறது. அது உதட்டையும் சோறு என்றே நினைத்துக்கொள்கிறது.

'ஒண்ணு சொல்லிடறேன். நம்ம ஊர்ல வாய்ப் புற்றுநோய்க்கு முதல் குற்றவாளி வெயில் இல்லை. புகையிலை. கொட்டைப்பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி அமைப்பே அறிவிச்சாச்சு. பான் போட்டுக்கிட்டு, மேல லிப் பாம் பூசினா சரியாப் போச்சுன்னு எழுதிடாதீங்க' என்றார். எழுதவில்லை டாக்டர்.

'ரெண்டு, மூணு வாரத்துல ஆறாத புண்ணு, செதில், வெள்ளைத் திட்டு உதட்டுல எங்க இருந்தாலும் காட்டிடணும். பாம் பூசி மறைக்கக் கூடாது.'

எதைப் பார்த்து வாங்குவது?

என் இரண்டு குச்சிகளையும் மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, தேர்வில் கோட்டை விட்ட பையனுக்கு டியூஷன் எடுப்பது போல விளக்கினார். ஆபீஸ் போகிற, பைக் ஓட்டுகிற, வெயிலில் நிற்கிற அன்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் பார்க்க வேண்டியது எஸ்.பி.எஃப். எண். அது 30-க்குக் குறையாமல் இருக்கட்டும். தோலைச் சிவக்க வைக்கிற யு.வி.பி. கதிரில் 15 என்றால் நூற்றுக்குச் சுமார் 93-ஐத் தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. ஆக 30-லிருந்து 50-க்குத் தாவுவதில் பெரிய லாபம் இல்லை. 'சன் கேர்' என்று அட்டையில் சூரியன் படம் மட்டும் போட்டு எண் போடாமல் இருந்தால், அது வெறும் படம்.

இரண்டாவது, 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றோ, 'பி.ஏ.' என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறிகளோ இருக்க வேண்டும். எஸ்.பி.எஃப். எண் யு.வி.பி.க்குத்தான். யு.வி.ஏ. என்று இன்னொரு கதிர் உண்டு. சுடாது, சிவக்காது, ஆழமாக உள்ளே போய்த் தோலைக் கிழடாக்கும். கண்ணாடிக்குள்ளும் புகும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக அடித்துக்கொள்கிறவர்கள் கவனிக்க! பி.ஏ. முறை ஜப்பான்காரர்கள் 1996-இல் கொண்டுவந்தது. கூட்டல் அதிகமானால் காவல் அதிகம்.

மூன்றாவது, பொடி எழுத்தில் இருக்கிற சரக்குப் பட்டியல். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு இரண்டும் தோலை அதிகம் உறுத்தாதவை, லேசாக வெள்ளை தெரியும். வேறு ரசாயன வடிகட்டிகள் வெள்ளை தெரியாது, சிலருக்கு எரியலாம். தேன்மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை ஈரத்தைப் பூட்டி வைக்கும். புதினா, மென்தால், கற்பூரம், தூக்கலான வாசனை, இனிப்பு இவையெல்லாம் வெடித்த உதட்டுக்கு விரோதிகள். ஜில்லென்று இருப்பதை மருந்து வேலை செய்கிறது என்று நினைப்பவர்களின் வீங்கிய உதாரணம், அடியேன்.

'வெறும் தேங்காய் எண்ணெய்?' என்றேன். வறட்சிக்குச் சரி, வெயிலுக்கு அதை நம்பக் கூடாது. வெறும் பெட்ரோலியம் ஜெல்லியும் அப்படியே. அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் ஒட்டியிருந்த பிசுக்கிலிருந்து அதைச் சுத்திகரித்து எடுத்த ராபர்ட் செஸ்ப்ரோ, 1872-இல் காப்புரிமை வாங்கியவர், தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்தார். அவருக்கும் அது குடையாகாது.

நாலாவது, பூசுகிற முறை. வெளியே கிளம்புவதற்குக் கால் மணி முன்னால், தாராளமாக, உதட்டு ஓரம் வரை. ஆய்வுக்கூடத்தில் அந்த எண்ணை அளக்கும்போது தடிமனாகப் பூசித்தான் அளக்கிறார்கள். நாம் சாமிக்கு நெய் விளக்குப் போடுகிற மாதிரி சிக்கனம் பிடித்தால் 30 முப்பதாக இருக்காது. இரண்டு மணிக்கொரு தடவை மறுபடி. டீ, டிபன், சாப்பாடு எது முடிந்தாலும் மறுபடி. ஒரே குச்சியை அறை நண்பர்களோடு பங்கு போடுவது சமத்துவம் அல்ல, தொற்று.

ஐந்தாவது, காலாவதி தேதி. பைக் பெட்டியிலும் கார் டேஷ்போர்டிலும் வைத்தால் மெழுகு உருகி, மருந்து ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் பிரிந்து போகும். சட்டைப் பையில் வையுங்கள்.

எப்போது பூசுவது என்பதற்கு வாட்ச் கூட வேண்டாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால், புற ஊதாக் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆலத்தியூரில் அது காணாமலே போய்விட்டது. இதைவிடப் பெரிய நோட்டீஸ் எவனும் அடித்து ஒட்ட முடியாது.

அப்புறம், அந்தக் கூச்சம். தொண்ணூறுகளில் தென்னாப்பிரிக்காவின் ஆலன் டொனால்டு முகத்தில் வெள்ளையாக அப்பிக்கொண்டு ஓடி வந்து பந்து போட்டதை நினைவிருக்கிறதா? அது ஜிங்க் ஆக்ஸைடு. எதிரே மட்டை பிடித்து நின்றவர்கள் யாரும் 'என்னப்பா மேக்கப்?' என்று கேட்டதாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் ரிச்சி பெனோ, சின்ன வயசில் தொப்பி போடாமல் விளையாடியவர். 2014-இல் தனக்குத் தோல் புற்றுநோய் என்று வெளிப்படையாகச் சொல்லி, தொப்பி போட்டிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். அடுத்த வருஷம் காலமானார். அவர்களுக்கு வெள்ளைத் தோல், ஆபத்து அதிகம். நமக்குக் குறைவு. இல்லவே இல்லை என்பதல்ல.

அரியலூர் மருந்துக் கடையில், 'யாருக்கு சார்?' என்ற அதே கேள்வி வந்தது. 'எனக்குத்தான். முப்பது நம்பர், வாசனை இல்லாதது' என்றேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம்! இதற்கா தங்கையை இழுத்தேன்?

பெரியவரின் டெஸ்ட் ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் நான் சென்னை திரும்பிவிட்டேன். லாரி பில் கணக்கெல்லாம் ஒத்துப்போனது. ஆனால் ஆபீஸில் போன் அடித்தாலே எனக்குப் பெரியவர் ஞாபகம்தான். பத்து நாள் கழித்து, அந்த டிப்ளமா பையன்தான் பேசினான். புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தைய படி. நாள்பட்ட வெயிலால் உதடு கெட்டுப்போய், கவனிக்காமல் விட்டால் அந்தப் பக்கம் போகக்கூடிய சமாசாரம். உறைய வைத்து அந்த இடத்தை எடுத்திருக்கிறார்கள். மூன்று மாசத்துக்கொரு தடவை காட்ட வேண்டுமாம். வெற்றிலைப் பாக்குக்குத் தடை உத்தரவு.

டிசம்பரில் மறுபடி ஆலத்தியூர் போகிற வேலை வந்தது. இந்தத் தடவை காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன். எடை மேடையில் பெரியவர் அதே ஸ்டூலில், தலையில் அகலமான ஓலைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடுப்புப் பையிலிருந்து அந்தப் பித்தளை டப்பாவை எடுத்தார். எனக்குப் பகீரென்றது.

'என்ன ஐயா, மறுபடி சுண்ணாம்பா?'

திறந்து காட்டினார். உள்ளே, கொஞ்சம் குறுக்கே படுத்த மாதிரி, அந்த லிப் பாம் குச்சி.

'டப்பாவை விட மனசு வரலை தம்பி' என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, 'லாரிக்காரப் பயலுவ ரெண்டு பேரு இப்ப என்கிட்டக் கேட்டு வாங்கிப் பூசறானுவ' என்றார்.

'ஒரே குச்சியைப் பங்கு போடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே?'

'அதான் அவனுவளுக்கு வேற வாங்கி வெச்சிருக்கேன். மாசம் பொறந்ததும் காசு குடுத்துடுவானுவ' என்று ஸ்டூலுக்கு அடியில் இருந்த பையைத் தட்டினார். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. டோக்கன் எடுக்கத் திரும்பினார்.